உப்பை வெளியேற்றும் இலை

மேலை நாட்டு மரங்கள் இலையுதிர் காலத்தில் பொன்னிறமும் சிவப்புமாக மாறும்போது, நம் கடற்கரை மட்டும் ஏன் பச்சையாகவே இருக்கிறது என்று தேவிபட்டினத்து மாணவி ஒருவர் கேட்டிருந்தார். பகல் குறுகிக் குளிர் கூடும்போது அந்த மரங்கள் பச்சையத்தைச் சிதைத்து, இலையின் சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கின்றன. நமக்கு அந்தக் குளிர் இல்லை. ஆனால் நம் இலைகளும் சும்மா இருப்பதில்லை. அதைப் பார்ப்பதற்காகவே ஐப்பசி மழை இறங்குமுன், தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டின் அலையாத்தி மரங்களை ஒட்டி ஒரு விடியற்காலையில் நடந்தேன்.

சேற்றில் நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்களைப் பாடநூலிலேயே படித்திருப்போம். என்னை நிறுத்தியது இலைதான். அதன் மேற்புறத்தில் நுண்ணிய நீர்த்துளிகள் நின்றன. வெயில் ஏறியதும் அவை வெண்பொடியாகக் காய்ந்தன. நாவில் வைத்தால் சுள்ளென்ற உப்பு.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக வேரே தடுத்துவிடுகிறது. மிஞ்சியது நீரோடு இலைக்கு ஏறுகிறது. நீர் ஆவியாகிப் போக, உப்பு அங்கேயே தங்கும். அதை வெளியேற்றுவதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகள் இலையெங்கும் இருக்கின்றன. ஒவ்வொரு சுரப்பியிலும் அடியில் உப்பைத் திரட்டும் சில உயிரணுக்கள், நடுவில் தட்டையான ஒரேயொரு காம்பு உயிரணு, அதன்மேல் வட்டமாகச் சுரக்கும் உயிரணுக்கள். காம்பு உயிரணுவின் பக்கச் சுவரில் நீர் கசியாத மெழுகுபோன்ற பூச்சு இருப்பதால், உப்பு சுவரின் வழியே நழுவ முடியாது; அந்த உயிரணுவுக்குள் புகுந்தே மேலேற வேண்டும், ஏறிய பின் திரும்பிக் கசியவும் வழியில்லை. எத்தனை அழகான ஒருவழிக் கதவு! மேலேயுள்ள உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருங்கி நிறைந்திருக்கின்றன, ஏனெனில் உப்பை வெளியே தள்ளுவதற்கு ஆற்றல் செலவாகிறது. வெளியேறிய உப்புநீர் மேல்தோலுக்கடியில் தேங்கி, நுண்துளைகள் வழியே துளியாகக் கசிகிறது.

சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மரத்தின் மரபணுவை நெல்லில் புகுத்தி, உப்பைத் தாங்கும் பயிரை உருவாக்கியிருக்கிறது. உப்பேறிய நிலங்களை நம்பி வாழும் நம் மாவட்டத்துக்கு இத்தகைய ஆய்வு பல்லாண்டு நிதியோடு தொடர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கன்று நடும் விழாவுக்குக் கிடைக்கும் பணம், நட்ட கன்று எப்படிப் பிழைக்கிறது என்று ஆராய்வதற்குக் கிடைப்பதில்லை.

முதல் மழை பெய்த மறுநாள் மீண்டும் சென்றேன். இலைகள் கழுவிவிட்டதுபோலப் பளபளத்தன. நாவில் லேசான கசப்பு மட்டுமே இருந்தது. மழை விட்ட மூன்றாம் நாள் காலையில் அதே கிளையில் மீண்டும் உப்புத் துளிகள் நின்றன.