ராவ்-4: பின்சக்கரங்களுக்குச் செல்லும் பாதை

ஒரு கார் மாதிரியின் தலைமுறைகளை ஒப்பிடும்போது முகப்பு விளக்குகளின் வடிவத்தையும் உட்புறத் திரையின் அளவையும்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். டொயோட்டாவின் ராவ்-4 வண்டியை அப்படிப் பார்த்தால் அதன் வரலாற்றின் சுவையான பகுதி கண்ணில் படாமலே போய்விடும். முன்புறத்தில் இருக்கும் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு எவ்வழியே போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்கு அதன் பொறியாளர்கள் முப்பது ஆண்டுகளாக எழுதித் திருத்திவரும் விடை, வண்டியின் அடிப்பகுதியில் மறைந்திருக்கிறது.

1989-ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் முன்மாதிரியாகத் தோன்றிய இந்த வண்டி 1994-இல் விற்பனைக்கு வந்தது. அக்காலத்து நான்கு சக்கர இயக்க வண்டிகள் பெரும்பாலும், ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டகத்தின் மேல் உடற்பகுதியைத் தனியே பொருத்திச் செய்யப்பட்டவை. ராவ்-4 அந்த வழியை விட்டுவிட்டு, சாதாரண கார்களைப் போல உடற்கூடே சுமையைத் தாங்கும் மோனோகாக் அமைப்பை எடுத்துக்கொண்டது. மூன்று கதவு வடிவத்தின் நீளம் ஏறத்தாழ 3.7 மீட்டர்தான். அவ்வளவு சிறிய வண்டிக்கு, நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் அமைப்பைக் கொடுத்ததுதான் துணிச்சலான முடிவு.

அது ஏன் எளிதல்ல என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வளைவிலும் பின்சக்கரங்கள் சிறிய வளைவிலும் செல்கின்றன. எனவே ஒரே நேரத்தில் அவை கடக்கும் தூரம் வேறுபடுகிறது. இரண்டு அச்சுகளையும் ஒரே தண்டால் இறுகப் பிணைத்துவிட்டால், உலர்ந்த சாலையில் அந்த வேறுபாடு போக இடமின்றி டயர்கள் தேய்ந்து இழுபடும், இணைக்கும் தண்டு முறுக்கேறும். இதைத் தவிர்க்கத்தான் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வைக்கப்படுகிறது. இந்தப் பல்சக்கரத் தொகுதி முறுக்குவிசையை இரண்டு பக்கமும் சமமாகப் பகிர்ந்தபடியே, இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தருகிறது. அந்தச் சமப் பங்கீடே அதன் பலவீனமும் ஆகும். முன்சக்கரம் ஒன்று சேற்றில் சிக்கி வெறுமனே சுழன்றால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும்; பின்பக்கத்துக்கும் அதே குறைந்த விசைதான் கிடைக்கும். ஆகவே முதல் தலைமுறையின் கைமுறை கியர் வண்டிகளில், தேவைப்படும்போது நடு டிஃபரன்ஷியலைப் பூட்டி இரு அச்சுகளையும் ஒரே வேகத்தில் சுழலவைக்க ஒரு பொத்தான் இருந்தது.

2000-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் எஞ்சின் மேம்பட்டது. இந்த அடிப்படை மாறவில்லை. உண்மையான திருப்பம் 2005-இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில் நிகழ்ந்தது. நடு டிஃபரன்ஷியல் நீங்கியது. அதன் இடத்தை மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் பல தட்டுக் கிளட்ச், அதாவது தட்டுகள் நெருங்கினால் விசையைக் கடத்தி விலகினால் துண்டிக்கும் இணைப்பு, பிடித்தது. சாதாரண ஓட்டத்தில் வண்டி ஏறக்குறைய முன்சக்கர இயக்க வண்டியாகவே ஓடும். சக்கர வேகத்தை அளக்கும் உணரிகள் வழுக்கலைக் காட்டினால், கணினி மின்காந்தத்தின் உதவியால் தட்டுகளை நெருக்கி, விசையின் ஒரு பங்கைப் பின்னால் அனுப்பும். பூட்டும் பொத்தான் அப்போதும் இருந்தது என்றாலும், பங்கீட்டைத் தீர்மானிப்பது இப்போது பல்சக்கரங்கள் அல்ல, நிரல். இதை ஒரு சமரசமாகக் கருதியவர்கள் உண்டு. எரிபொருள் சிக்கனத்தை எண்ணினால் இது சரியான முடிவு என்பதே என் கருத்து.

நான்காம் தலைமுறையில் பின்கதவில் தொங்கிய உபரிச் சக்கரம் மறைந்ததைப் பலரும் கவனித்தார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் அந்தத் தலைமுறையின் நடுவே, 2015-இல் வந்த, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் வடிவத்தில் இருந்தது. அதன் நான்கு சக்கர இயக்க வகையில், முன்னிருந்து பின்னுக்குச் செல்லும் தண்டே கிடையாது. பின்அச்சில் 50 கிலோவாட் திறனுள்ள தனி மின்மோட்டார் அமர்ந்திருந்தது. முன்னையும் பின்னையும் இணைத்தது மின்கம்பி மட்டுமே. இரு அச்சுகளுக்கும் இயந்திரப் பிணைப்பு இல்லாததால், திருப்பத்தில் முறுக்கேறும் பழைய சிக்கல் எழவே வழியில்லை. வேகம் குறைக்கையில் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பின்சக்கரங்களின் இயக்க ஆற்றலையும் மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அதன் எல்லை மோட்டாரின் அளவுதான்: பின்சக்கரங்களுக்கு அந்தச் சிறிய மோட்டார் தருவதற்கு மேல் கிடைக்காது, செங்குத்தான மணல் ஏற்றத்தில் அது தெரிந்துவிடும்.

2018-இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறையில், பெட்ரோல் வண்டிகளின் உயர்வகைகள் சிலவற்றில் பழைய தண்டு தன் மிக நுட்பமான வடிவத்தை அடைந்தது. பின்அச்சின் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனிக் கிளட்ச்கள் இருப்பதால், திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் விசை கொடுத்து வண்டியை வளைவுக்குள் திருப்ப முடிகிறது. நான்கு சக்கர இயக்கம் தேவைப்படாதபோது, தண்டின் இரு முனைகளிலும் உள்ள பற்கள் கொண்ட இணைப்பிகள் விடுபட்டு, தண்டு சுழலாமல் நின்றுவிடும். சுழலாத தண்டு உராய்வில் ஆற்றலை இழப்பதில்லை. பொறியியல் அழகு என்று எதையாவது சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் 2025-இல் வெளியிடப்பட்ட ஆறாம் தலைமுறை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஹைபிரிட், வெளியிலிருந்தும் மின்னேற்றிக்கொள்ளும் பிளக்-இன் ஹைபிரிட் என்ற இரண்டு வகைகளாக மட்டுமே அறிவிக்கப்பட்டது. இவற்றில் பின்சக்கரங்களைச் சுழற்றுவது மின்மோட்டார். வண்டியின் அடியில் நீளவாக்கில் ஓடிய அந்தத் தண்டுக்கு அங்கே வேலையில்லை.