மனச்சிதைவுக்கு கிளைமாக்ஸ் கிடையாது

நாயகனின் மனநோயையே முடிச்சாக வைத்து, காட்சிகளை முன்பின்னாகக் கலைத்துச் சொல்லும் மர்மப்படம் ஒன்று ஓடினால் போதும். அடுத்த சில வாரங்களுக்கு கிளினிக்கில் ஒரே கேள்வி: "டாக்டர், இவனுக்குள்ள இன்னொருத்தன் இருக்கானா?" பையனுக்கு ஆறு மாதமாகக் காதில் குரல் கேட்கிறது, தூக்கம் இல்லை, குளிப்பதில்லை. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த இன்னொருவனைத் தேடுகிறார்கள். அவன் தென்படவில்லை என்றால், "அப்ப இது நோய் இல்ல" என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறவர்களும் உண்டு.

எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை: ஸ்கிசோஃப்ரினியா வேறு, இரட்டை ஆளுமை வேறு. சுவிஸ் மருத்துவர் யூஜின் பிளாய்லர் 1908-ல் பிளவு, மனம் என்னும் பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார். எண்ணம், உணர்ச்சி, செயல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் அவர் பிளவு என்றார். ஓர் உடலுக்குள் இரண்டு பேர் என்று சொல்லவே இல்லை. இந்த விஷயத்தில் 'மனச்சிதைவு' என்ற நம் சொல் மூலத்தைவிடத் தெளிவானது. இரட்டை ஆளுமை என்று மக்கள் சொல்வது தனி நோய். 'மல்டிபிள் பெர்சனாலிட்டி' என்ற அதன் பழைய பெயரையும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994-ல் மாற்றிவிட்டது. சிறுவயதில் பட்ட கொடுமைகளோடு தொடர்புள்ள நோய் அது. பெரும்பாலும் மறதியாகவும், இடையில் சில மணி நேரம் தொலைந்துபோனதாகவும் வெளிப்படும். குரலும் நடையும் மாறிக் கொலைக்குக் கிளம்புவதெல்லாம் திரைக்கதையின் தேவை.

கூடவே வாழும் நண்பன் கடைசியில் கற்பனை என்று தெரியும் திருப்பம் இன்னொன்று. சினிமாவுக்கு உருவம் வேண்டும், புரிகிறது. மனச்சிதைவில் அதிகம் வருவது குரல்தான்; செய்வதையெல்லாம் வர்ணிக்கும், திட்டும், கட்டளையிடும். இல்லாத உருவம் மட்டும் திடீரென்று தெரிந்தால் நாங்கள் முதலில் உடலைத்தான் சந்தேகிப்போம்: தொற்று, சோடியம் குறைவு, போதைப்பொருள். தினமும் குடித்தவர் நிறுத்திய இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, குழப்பத்தோடு உருவங்களும் தெரிந்தால் அது உயிருக்கு ஆபத்து. மனநல அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

"ஹிப்னாடிசம் பண்ணி அந்த ஃபிளாஷ்பேக்கை வெளிய எடுங்க" என்று கேட்காதீர்கள். நினைவு பதிவுநாடா இல்லை. நினைக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுகிறது. சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றை 24 பேரிடம் சொன்னார்கள், எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல் என்ற உளவியல் ஆய்வாளர்கள். அதை முழுதாகவோ பாதியாகவோ தன் நினைவாகவே ஏற்றவர்கள் ஆறு பேர். 1995-ல் வெளியான ஆய்வு அது. தோண்டினால் வருவதெல்லாம் உண்மையாக இருக்காது.

உண்மையைப் போட்டு உடைத்ததும் நாயகன் தெளிந்துவிடும் காட்சியை வீட்டில் தயவுசெய்து நடத்திப் பார்க்காதீர்கள். செல்போனில் படம்பிடித்து, "பாரு, இங்க யாருமே இல்ல" என்று நிரூபித்தால், நோயாளி தனக்கு எதிரான சதிகாரர் பட்டியலில் உங்களையும் சேர்த்துக்கொள்வார். வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கலப்பா. ஆனா உனக்குக் கேட்குதுன்னு புரியுது, ரொம்ப பயமா இருக்கா?" இவ்வளவு போதும். குரல் சாகச் சொல்கிறது, யாரையாவது அடிக்கச் சொல்கிறது என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

மாத்திரை தொடங்கினால் தூக்கமும் பதற்றமும் சில நாளில் சீராகத் தொடங்கும். குரல் அடங்கப் பல வாரங்கள் ஆகலாம். நான்கு முதல் ஆறு வாரம் ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்காமல் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். தெளிந்துவிட்டார் என்று மூன்றாம் மாதமே நீங்களாக நிறுத்துவதுதான் பெரிய தவறு. முதல்முறை நோய் வந்தவருக்கும் தெளிந்தபின் ஓரிரு ஆண்டுகளாவது மருந்து தொடர வேண்டியிருக்கும். கை இறுக்கம், எடை ஏறுதல், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு இருந்தால் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம். வரும்போது எத்தனை மணிக்குத் தூங்கினார், எந்த வேளை மாத்திரை தவறியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.