அது மலட்டுக் கொசு அல்ல

டெங்குவைக் குறைக்க வோல்பாக்கியா புகுத்திய கொசுக்களைப் பறக்கவிடுகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், 'மலட்டுக் கொசு' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். இந்த வாரமும் ஒன்று கண்ணில் பட்டது.

வோல்பாக்கியா என்பது பாக்டீரியா. 1924இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கியூலெக்ஸ் கொசுவில் கண்டது. 1936இல் ஹெர்டிக் தன் கூட்டாளியின் பெயரையே அதற்கு வைத்தார். ஆள் பெயர் என்பதால் 'வோல்பாச்சியா' என்று எழுதுவதும் பிழைதான்.

மலடுக்கு வருவோம். சினை பிடிக்காத பசுவை மலட்டு மாடு என்கிறோம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் என்ன செய்தார்கள்? வாளியில் தண்ணீர், கொசு முட்டை, கொஞ்சம் மீன்தீனி போட்டு வீட்டு முற்றங்களில் வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது முட்டை. ஆணும் பெண்ணுமாகப் பொரித்துப் பறந்தன. அவை பெருகவேண்டும் என்பதுதான் திட்டமே! டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தியிடம் இந்தப் பாக்டீரியா இயல்பாகக் கிடையாது. பழ ஈயிலிருந்து எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அப்புறம் தாய்க் கொசுவிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்துவிடும். அது உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் பெருகுவது சிரமம். 2021இல் வெளியான முடிவின்படி அங்கே டெங்கு 77 சதவீதம் குறைந்தது. மலட்டுக் கொசுவாக இருந்தால் ஒரு தலைமுறையோடு கதை முடிந்திருக்கும்.

உடனே சிங்கப்பூரைக் காட்டுவார்கள். 2016 முதல் அங்கே வோல்பாக்கியா உள்ள ஆண் கொசுவை மட்டும் விடுகிறார்கள், அதோடு சேரும், பாக்டீரியா இல்லாத ஊர்ப் பெண் கொசுவின் முட்டை பொரிவதில்லை. சரி, ஆனால் அந்த ஆணும் மலடு இல்லை. அதே வகைப் பாக்டீரியா உள்ள பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியும். அதனால்தான் பெண் கொசு ஒன்றுகூடத் தப்பி வெளியே போகக்கூடாது என்று பாடுபடுகிறார்கள். ஒரு ஜோடி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதை மலடு என்பதா? கதிர்வீச்சு பாய்ச்சி வளம் போக்கிய பூச்சிகள் தனியாக இருக்கின்றன. அமெரிக்காவில் கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் திருகுப்புழு ஈயை ஒழித்தது அந்த முறைதான். 'மலட்டுப் பூச்சி' அவற்றுக்கே உரிய சொல்.

'பாக்டீரியா தொற்றிய கொசு' இன்னொரு தொல்லை. தொற்று என்றால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டிப் பரவுவது. இது தாய்வழியில் முட்டையோடு வருவது. படிப்பவர், நோய் பிடித்த கொசுவை ஊருக்குள் விடுகிறார்கள் என்று பதறமாட்டாரா? 'மரபணு மாற்றிய கொசு' என்று எழுதுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை. கொசுவின் மரபணுவில் யாரும் கைவைக்கவில்லை.

'வோல்பாக்கியா கொசு' போதும். டெங்குவை அப்படியே எழுதுகிறோமே, இதற்கு மட்டும் என்ன கூச்சம்? விளக்க இடம் இருந்தால் 'வோல்பாக்கியா குடியேற்றிய கொசு' என்று எழுதலாம்.

புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் இத்தகைய கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. நாளை நம் தெருவுக்கு முட்டை வாளி வந்தால், "மலட்டுக் கொசு என்றார்களே, முட்டை எங்கிருந்து வந்தது?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பதில் சொல்லி மாளப்போவது வாளி கொண்டுவந்தவர், தலைப்புப் போட்டவர் அல்ல.