பிஎம்ஐ நார்மல்னு வந்துச்சா? சரி, இடுப்பையும் ஒருதடவ அளந்துருவோம்

இப்பல்லாம் கிளினிக்குக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு போன்லயே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு சொல்ற நம்பர்) போட்டுப் பாத்துட்டுத்தான் வர்றாங்க. ஸ்க்ரீன்ஷாட் வேற எடுத்து வச்சிருக்காங்க. பச்சைக் கலர்ல வந்துருந்தா முகத்துல ஒரு தெளிச்சி, செவப்புல வந்துருந்தா உக்காரும்போதே "டாக்டரம்மா, நாளையிலருந்து சோத்த நிப்பாட்டிர்றேன்"னு ஆரம்பிச்சிர்றாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், ஏந்திரிங்க, இடுப்ப அளக்கணும். பிஎம்ஐ தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா நம்ம ஊரு உடம்புக்கு அத மட்டும் வச்சு முடிவு பண்ணா, பயப்பட வேண்டிய ஆளு நிம்மதியா இருக்காரு, நிம்மதியா இருக்க வேண்டிய ஆளு பயந்து சாகுறாரு.

மதுரையில தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு நகைக்கடையில கணக்கு எழுதுற அண்ணன் ஒருத்தர் (அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தித்தான் எழுதுறேன்), வயசு 46, உயரம் 163 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. பிஎம்ஐ 22 கூட வரல. கையும் காலும் குச்சி மாதிரி. வீட்டம்மா இழுத்துட்டு வந்ததாலதான் வந்தாரு. "எனக்கு எதுக்கும்மா சுகர் டெஸ்ட்டு, அது குண்டா இருக்கவங்களுக்குல்ல வரும், நான் காலேஜ் முடிச்சதுலருந்து 32 சைஸ் பேன்ட்டுதான் போடுறேன்"னாரு. பேன்ட்டு 32தான், பொய் இல்ல. ஆனா அந்தப் பேன்ட்டு நிக்கிற எடம் வருஷா வருஷம் கீழ எறங்கி எறங்கி இப்ப தொப்பைக்கு அடியில நிக்குது. டேப்ப சரியான எடத்துல வச்சுப் பாத்தா 94 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 37 இஞ்ச். ரத்தம் எடுத்துப் பாத்தோம், ஹெச்பிஏ1சி (மூணு மாசத்துச் சராசரி சுகர்) 6.3, ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு அதிகம், ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்பு. 6.5 வந்தா சுகர்னு எழுதிரணும், ஆளு வாசப்படியில நிக்கிறாரு.

இது எப்டி? கொழுப்பு எம்புட்டு இருக்குங்கிறத விட எங்க இருக்குங்கிறதுதான் விஷயம். தோலுக்கு அடியில, தொடையில, பின்பக்கம் சேர்ற கொழுப்பு பாக்க ஒரு மாதிரியா இருக்கும், ஆனா பெருசா வம்பு பண்ணாது. வயித்துக்குள்ள குடல், ஈரல், கணையத்தச் சுத்தி சேருது பாருங்க, அது அடங்கி இருக்காது, கொழுப்பு அமிலத்த நேரா ஈரலுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும், ஈரல் கொழுப்பு புடிக்கும், இன்சுலின் சொல்றத உடம்பு கேக்காமப் போயிரும், கணையம் இன்னும் இன்னும் சுரந்து ஒரு கட்டத்துல ஓஞ்சுரும். எடை மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது. 58 கிலோவுல தசை எம்புட்டு, எலும்பு எம்புட்டு, தொப்பை எம்புட்டுன்னு அது பிரிச்சுச் சொல்லாது.

டாக்டருங்க மத்தியில ரொம்ப பிரபலமான ஒரு போட்டோ இருக்கு. 2004ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்தது. புனே டாக்டர் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ அச்சு அசலா 22.3. ஆனா உடம்புல கொழுப்பு எத்தன சதவீதம்னு அளந்தா லண்டன்காரருக்கு 9.1, நம்மாளுக்கு 21.2. ஒரே நம்பருதான், கொழுப்பு ரெண்டு மடங்குக்கு மேல. இது பொறக்கும்போதே ஆரம்பிக்கிற கதைன்னும் யாஜ்னிக் குழு காட்டுச்சு, புனே பக்கத்துக் கிராமத்துல பொறந்த பிள்ளைங்க சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்து பிள்ளைங்க 3.5 கிலோ, ஆனா நம்ம பிள்ளைங்களுக்குக் கொறஞ்சது தசைதான், கொழுப்பு அந்த அளவுக்குக் கொறையல. ஒல்லியாப் பொறந்து ஒல்லியா வளந்து முப்பது முப்பத்தஞ்சுல கை கால் அப்டியே இருக்க வயிறு மட்டும் முன்னால வர்ற அந்த உடம்ப நம்ம வீட்டுக் கல்யாண ஆல்பத்துல பாத்தாலே தெரியும்.

பிஎம்ஐ கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், கிலோவ மீட்டர் உயரத்தால ரெண்டு தடவ வகுக்கணும், அம்புட்டுத்தான். இத யோசிச்ச குவெட்லெட் டாக்டரே இல்ல, பெல்ஜியத்துக்காரர், வானியலும் புள்ளிவிவரமும் பாத்தவர், 1830கள்ல ஜனத்தோட சராசரி உடம்பு எப்டின்னு கணக்குப் போட உக்காந்தவர். அதுக்குப் பிஎம்ஐன்னு பேரு வச்சது அமெரிக்காவுல ஆன்செல் கீஸ், 1972ல, அதுவும் ஆம்பளைங்க அளவ மட்டும் வச்சு. ஆயிரக்கணக்கான பேர ஒண்ணா பாக்குறப்ப செலவில்லாம குத்துமதிப்பு சொல்றதுக்கு இத விட்டா வேற நல்ல வழி இல்லங்கிறதும் உண்மை. ஒத்த ஆளுக்குத் தீர்ப்பு எழுத எடுத்தாத்தான் பிரச்சனை.

அடுத்து கட் ஆஃப். நீங்க டவுன்லோட் பண்ற ஆப் நெறைய 25 வரைக்கும் பச்சை காட்டும், அது வெள்ளக்காரங்க உடம்ப வச்சுப் போட்ட கோடு. 2009ல நம்ம நாட்டு டாக்டருங்க உக்காந்து பேசி, 23 தாண்டுனாலே எடை அதிகம், 25 தாண்டுனா உடல் பருமன்னு மாத்திட்டாங்க. ஆக 24 வந்து ஆப்புல பச்சையா தெரிஞ்சா அது நமக்குப் பச்சை இல்ல. தேசியக் குடும்பநல ஆய்வு அஞ்சாவது சுத்துல தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல 40.4 சதவீதம், ஆம்பளைங்கள்ல 37 சதவீதம் பேரு கூடுன எடைன்னு வந்துச்சுல்ல, அது 25ஐ வச்சு எண்ணுனது, 23க்கும் 25க்கும் நடுவுல இருக்கவங்க அந்தக் கணக்குலயே வரல.

இதுக்கு நேர் எதிரா ஒருத்தர். கீழமாசி வீதியில மூட்டை தூக்குற தம்பி, வயசு 40, உயரம் 172, எடை 84. பிஎம்ஐ 28 தாண்டிருச்சு. எங்கயோ ஒரு கேம்ப்புல "நீ குண்டு, சோத்தக் கொற"ன்னு சீட்டுல எழுதிக் குடுத்துருக்காங்க, அவரும் மதியச் சாப்பாட்டப் பாதியாக் கொறச்சிட்டு மூட்டையோட மாடி ஏறும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு வந்தாரு. இடுப்பு 86. தோளும் தொடையும் இரும்பு. சுகர், கொழுப்பு எல்லாம் சுத்தம், பிபி மட்டும் கொஞ்சம் எல்லையில இருந்துச்சு, அதுக்கு ஊறுகாயையும் கருவாட்டையும் கொறைக்கச் சொன்னேன், சோத்தப் பழையபடி சாப்பிடச் சொல்லி அனுப்புனேன். ஆனா ஒண்ணு, "எனக்கும் இது தசைதான் டாக்டர்"னு சொல்லிட்டு வர்றவங்கள்ல நெறையப் பேருக்கு அது தசை இல்ல. மூட்டை தூக்குறவங்க, கபடி ஆடுறவங்க, மாடு புடிக்கிற பசங்க சொன்னா நம்பலாம். ஏசி ரூம்ல ஒம்போது மணி நேரம் உக்கார்ற ஆளு சொன்னா டேப்பு பதில் சொல்லிரும்.

பிஎம்ஐ போடுறதுன்னா ஒழுங்கா அளந்து போடுங்க. உயரத்த யாரும் அளக்குறதே இல்ல, லைசென்ஸ்ல போட்டத, பொண்ணு பாக்கும்போது சொன்னதச் சொல்றது. 68 கிலோ ஆளு உண்மையில 160 சென்டிமீட்டர், ஆனா 165னு சொல்றாருன்னு வைங்க, 26.6 வர வேண்டியது 25ஆக் கொறஞ்சிரும், உயரம் ரெண்டு தடவ வகுக்குதுல்ல, சின்னப் பொய்யும் பெருசாயிரும். செருப்பக் கழட்டி, குதிகால செவத்துல ஒட்டி, நேராப் பாத்து நின்னு, தலைக்கு மேல ஒரு நோட்டப் படுக்க வச்சுக் கோடு போட்டு அளங்க. எடை காலைல பாத்ரூம் போய்ட்டு வந்து, சாப்பிடாம, எப்பவும் அதே மெஷின்ல.

இடுப்பு அளக்குறதுதான் முக்கியம், அதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. வேட்டி கட்டுற எடம் இடுப்பு இல்ல, பேன்ட்டு நிக்கிற எடமும் இல்ல. பக்கவாட்டுல கைய வச்சுத் தடவுனா கடைசி விலா எலும்பு தட்டும், கீழ இடுப்பெலும்போட மேல்விளிம்பு தட்டும், அந்த ரெண்டுக்கும் நடுவுல டேப்பச் சுத்தணும். தையக்கடை டேப்பே போதும். சட்டைக்கு மேல வேணாம். மூச்ச சாதாரணமா வெளிய விட்டு முடிக்கிற நேரத்துல பாக்கணும், டேப்பு தோல்ல படணும், அழுத்தக்கூடாது. எங்கிட்ட டேப்பப் பாத்ததும் எல்லா ஆம்பளைங்களும் வயித்த எக்கிருவாங்க, நான் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பேன், பதில் சொல்லும்போது தானா விட்ருவாங்க. ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80, இது நம்ம ஊரு எல்லை. இன்னும் சுலபமா வேணும்னா உங்க உயரத்துல பாதிக்குள்ள இடுப்பு இருக்கணும். எங்கிட்ட வர்ற அக்காமாருக்கு டேப்பு கூட வேணாம், உள்பாவாடை நாடாவே சொல்லிரும், முடிச்சுப் போட்டது போக முன்னாடி தொங்குன மிச்சம் இப்ப எம்புட்டு இருக்குன்னு கேட்டா அவங்களே சிரிச்சிருவாங்க.

சென்னையில டாக்டர் மோகன் குழு 2005ல போட்ட சுகர் ரிஸ்க் ஸ்கோர் ஒண்ணு இருக்கு, அதுல எடையே கேக்கமாட்டாங்க தெரியுமா. நாலே கேள்வி. வயசு 35லருந்து 49ன்னா 20, அம்பதும் அதுக்கு மேலயும்னா 30. இடுப்பு ஆம்பளைக்கு 90லருந்து 99, பொம்பளைக்கு 80லருந்து 89ன்னா 10, அதுக்கு மேல 20. உடற்பயிற்சியும் உண்டு, வேலையும் கடுசுன்னா 0, ரெண்டுல ஒண்ணு இருந்தா 20, ரெண்டும் இல்லன்னா 30. அப்பா அம்மாவுல ஒருத்தருக்குச் சுகர் இருந்தா 10, ரெண்டு பேருக்கும்னா 20. கூட்டி 60 தொட்டா ரத்தம் பாக்கணும். நகைக்கடை அண்ணனுக்கு 20, 10, 30, அவங்க அப்பாவுக்குச் சுகர் இருந்ததால 10, மொத்தம் 70. மூட்டை தூக்குற தம்பிக்கு 40. பிஎம்ஐ யாரு குண்டுன்னு சொல்லுச்சோ அவரு தப்பிச்சாரு, யாரு நார்மல்னு சொல்லுச்சோ அவரு மாட்டுனாரு. 2025 ஜனவரியில லான்செட் அமைச்ச நிபுணர் குழுவும் பிஎம்ஐய மட்டும் வச்சு பருமன்னு முடிவு பண்ணாதீங்க, இடுப்ப அளங்க, உறுப்புங்க பாதிச்சிருக்கான்னு பாருங்கன்னுதான் சொல்லுச்சு.

வயசானவங்க விஷயம் தனி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வர்ற ஒரு அப்பத்தா, பிஎம்ஐ 23 கிட்ட, கேட்டா நல்ல கணக்குதான். ஆனா சேர்லருந்து கைய ஊனாம ஏந்திரிக்க முடியல. தசை கரஞ்சு அந்த எடத்துல கொழுப்பு உக்காந்துருக்கு, முதுகு கூனி உயரமும் கொறஞ்சிருச்சு, உயரம் கொறஞ்சா பிஎம்ஐ தானா ஏறும். இவங்களுக்கு எடையக் கொற எடையக் கொறன்னு சொன்னா இருக்க தசையும் போயி பாத்ரூம்ல விழுந்து இடுப்ப ஒடச்சுக்குவாங்க. முட்டை, பருப்பு, சுண்டல் கூடணும், சேர்ல உக்காந்து ஏந்திரிக்கிற பயிற்சி போதும். காலு வீக்கம், வயித்துல நீர் இருக்கவங்களுக்கு மெஷின் காட்டுற எடை தண்ணியோட எடை, அங்க பிஎம்ஐ செல்லாது. கர்ப்பிணிங்களுக்கும் புள்ள உண்டாகுறதுக்கு முன்னாடி இருந்த எடையத்தான் எடுக்கணும். ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் பெரியவங்க ஆப்புல போட்டுப் பாக்கவே பாக்காதீங்க, அவங்களுக்கு வயசுக்கு, ஆணு பொண்ணுக்குத் தனித்தனி சார்ட் இருக்கு, குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க. 18.5க்குக் கீழ இருக்க பொண்ணுங்களப் பத்தி யாருமே கவலப்படுறதில்ல, "ஸ்லிம்மா இருக்கா"ன்னு பாராட்டுவேற, ரத்தசோகை இருக்கா, மாசவிலக்கு ஒழுங்கா வருதான்னு பாக்கணும்.

சரி, இடுப்பு கூட வந்துருச்சு, என்ன பண்றது? இங்கதான் நெறையப் பேரு எடை எறங்கலன்னு மூணாவது மாசத்துலயே விட்டுர்றாங்க. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்துன ஆய்வு, 2006ல வெளியானது, சுகரு வர்ற நெலமையில இருந்த 531 பேர மூணு வருஷம் பாத்தாங்க. நடக்கவும் சாப்பாட்ட மாத்தவும் வச்சதுல சுகரா மாறுறது 28.5 சதவீதம் கொறஞ்சுது, ஆனா எடை சொல்லிக்கிற மாதிரி எறங்கவே இல்ல. மெஷின்ல முள்ளு அசையலன்னாலும் உள்ள வேலை நடக்குது.

தெப்பக்குளத்தச் சுத்தி காலைல நடக்குறவங்களப் பாத்தா சந்தோஷமா இருக்கு, நடந்து முடிச்சிட்டு எதிர்ல கடையில வடையோட உக்கார்றதப் பாத்தாத்தான் வயித்தெரிச்சல். ஜிகர்தண்டாவே குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன், மதுரையில இருந்துக்கிட்டு அப்டிச் சொன்னா யாரு கேப்பா. தினமும் ராத்திரி பத்தரை மணிக்கு பரோட்டா சால்னான்னு இருக்கத மட்டும் வாரத்துக்கு ஒண்ணாக்குங்க, தட்டுல சோறு எவ்ளோ போடுறீங்களோ அவ்ளோ காய் போடுங்க, ராத்திரிச் சாப்பாட்ட எட்டு மணிக்குள்ள முடிங்க. தினம் அரை மணி நேரம் வேகமா நடை, கூட வாரத்துல ரெண்டு நாளு தசைக்கு வேலை, ஜிம்முக்குப் போகணும்னு இல்ல, செவத்துல கைய ஊனி தண்டால் எடுத்தாலும் சரிதான். மூணு மாசத்துக்கு ஒருதடவ இடுப்ப அளந்து காலண்டர்ல எழுதுங்க.

இடுப்பு எல்லையத் தாண்டுனவங்களும் ஸ்கோர் 60 தொட்டவங்களும் வெறும் வயித்துச் சுகர், ஹெச்பிஏ1சி, கொழுப்பு, ஈரல் டெஸ்ட், பிபி இதெல்லாம் ஒருதடவ பாத்துருங்க. காசு பிரச்சனைன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகரும் பிபியும் சும்மாவே பாப்பாங்க, மக்களைத் தேடி மருத்துவம் அக்கா தெருவுக்கு வந்தா அவங்ககிட்டயும் கேக்கலாம். வரும்போது எட்டு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம வாங்க, காபியும் கணக்குல சேரும், பழைய ரிப்போர்ட்ட எல்லாம் கையோட எடுத்துட்டு வாங்க.