என்ஜின் ஆயிலுக்குள் ஒளிந்திருக்கும் சுண்ணாம்பு

"முழு சிந்தெடிக் ஆயில் போட்டிருக்கிறேன். காருடன் வந்த கையேடு 15,000 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்கிறது. மெக்கானிக்கோ 5,000 தாண்டியதுமே டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டி, கறுத்துப்போச்சு, மாத்திடுங்க என்கிறார். யாரை நம்புவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் இந்தக் கறுப்பு விஷயத்தை முடித்துவிடுவோம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரித்துகள்களில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் வந்துவிடும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கசடாகப் படியாமல், தனித்தனியாக மிதக்க வைப்பதற்கென்றே ஆயிலில் ஒரு வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது ஒழுங்காக வேலை செய்தால் ஆயில் கறுக்கத்தான் செய்யும். டீசல் என்ஜினில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே மை மாதிரி ஆகிவிடும். நிறத்தைப் பார்ப்பது, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பது எல்லாம் என் கணக்கில் ஜோசியம் பார்ப்பதற்கு மிக அருகில் இருக்கும் காரியங்கள்.

சரி, சிந்தெடிக் என்பதில் என்ன விசேஷம்? கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த மினரல் ஆயிலில் பல அளவு, பல வடிவ மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். மெழுகு, கந்தகம், எளிதில் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும் வளையச் சேர்மங்கள் என்று வேண்டாத விருந்தாளிகளும் உண்டு. பாலிஆல்ஃபா ஓலிஃபின் எனும் சிந்தெடிக் வகையில் கதை வேறு. எத்திலீனிலிருந்து டெசீன் என்ற பத்துக் கார்பன் மூலக்கூறைச் செய்து, அவற்றை மூன்று நான்காகக் கோத்து, கடைசியில் ஹைட்ரஜன் ஏற்றிவிடுவார்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்த மூலக்கூறுகள் என்பதால் குளிரில் உறையாது, சூட்டில் அவ்வளவாக நீர்த்துப்போகாது. முக்கியமாக, ஆக்சிஜன் தாக்குதலைத் தாங்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது நடைமுறைக் கணக்கு. கடுமையாகச் சூடேறும் டர்போ பொருத்திய என்ஜினில் இந்தக் குணம் எவ்வளவு பெரிய உதவி என்று இதிலிருந்தே தெரியும்.

கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்தில் உடைத்துச் செய்யும் ஆயிலையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபில், காஸ்ட்ரால் என்ற இரு ஆயில் நிறுவனங்கள் அமெரிக்காவில் ஒரு விளம்பரத் தகராறு நடத்தின. விற்கலாம் என்று 1999-ல் முடிவானது. அதனால் டப்பாவில் உள்ள அந்தச் சொல்லை வைத்து உள்ளே இருக்கும் மூலக்கூறு எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றும் மோசமில்லை, அந்த ஆயில்களும் நல்லவையே.

இதுவரை சொன்னதெல்லாம் அடிப்படை எண்ணெயைப் பற்றி. ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பதோ பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் சேர்க்கைப் பொருள்களின் கையில் இருக்கிறது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என்ஜினுக்குள் அமிலம் ஓயாமல் உருவாகிறது. எரிபொருளில் எஞ்சியிருக்கும் கந்தகத்திலிருந்து கந்தக அமிலம், காற்றில் உள்ள நைட்ரஜன் அதிக வெப்பத்தில் எரிவதால் நைட்ரிக் அமிலம், ஆயிலே ஆக்சிஜனேற்றம் அடைவதால் கரிம அமிலங்கள். அப்படியே விட்டால் பேரிங்கில் உள்ள ஈயத்தையும் செம்பையும் அரித்துவிடும். அமிலத்தை முறிக்கக் காரம் வேண்டும். மலிவான, பாதுகாப்பான காரப்பொருள் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். ஆனால் சுண்ணாம்பு எண்ணெயில் கரையாதே! தூளாகப் போட்டால் அடியில் தங்கும், ஃபில்டரை அடைக்கும், உலோகத்தைத் தேய்க்கும்.

பள்ளிக்கூடச் சோதனை ஒன்று நினைவிருக்கும். சுண்ணாம்புத் தெளிநீருக்குள் குழாய் வழியாக ஊதினால் அது பால் போலக் கலங்கும். மூச்சில் உள்ள கரியமில வாயு, கரைந்திருந்த கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் துகளாகிறது. ஆயில் தொழிற்சாலையிலும் இதே வினையைத்தான் நடத்துகிறார்கள், ஆனால் எண்ணெய்க்குள். சல்ஃபோனேட் எனும் சோப்பு போன்ற பொருளைக் கலந்த எண்ணெயில் கால்சியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து, கரியமில வாயுவைக் குமிழ்விடுகிறார்கள். சோப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு. தண்ணீரில் வால்கள் உள்ளே திரும்பி அழுக்கைப் பிடிக்கும். சுற்றிலும் எண்ணெய் என்றால் எல்லாம் தலைகீழ்: தலைகள் உள்ளே, வால்கள் வெளியே. அந்தத் தலைகளின் நடுவே, பிறந்த இடத்திலேயே, கால்சியம் கார்பனேட் சிறைப்படுகிறது. சில நானோமீட்டருக்கு மேல் வளர இடமில்லை. படிகமாக அமையவும் முடியாமல் ஒழுங்கற்ற ஒரு குவியலாகவே நிற்கிறது.

பள்ளிச் சோதனையில் கலங்கிய அதே பொருள் இங்கே கலங்கவே கலங்காது. துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியது, ஒளி சிதறாமல் கடந்துவிடுகிறது. புது ஆயில் டப்பாவைத் திறந்து ஊற்றும்போது பொன்னிறத்தில் தெளிவாக வழிகிறதே, அதற்குள் இத்தனை சுண்ணாம்பு இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

பிஸ்டன் ரிங்குகளுக்குப் பக்கத்தில், மைக்ரான் கணக்கில் மட்டுமே தடிமன் உள்ள ஆயில் படலத்தில் அமிலத் துளியும் இந்தத் துகளும் மோதுகின்றன. கந்தக அமிலம் என்றால், கார்பனேட் கால்சியம் சல்ஃபேட்டாக மாறுகிறது, கொஞ்சம் நீர் உண்டாகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. தொழிற்சாலையில் குமிழ்விட்டு உள்ளே அனுப்பிய அதே வாயு!

இந்தக் காரக் கையிருப்பை அளக்கக் கார எண் என்று ஒன்று உண்டு. ஒரு கிராம் ஆயில் எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குச் சமமான அமிலத்தை முறிக்கும் என்பதே அது. கார் ஆயில் புதிதாக இருக்கும்போது பொதுவாக 6 முதல் 10 வரை இருக்கும். கந்தகம் நிறைந்த கனரக எண்ணெயை எரிக்கும் கப்பல் என்ஜின்களின் சிலிண்டர் ஆயிலில் 70, 100 வரைகூடப் போவதுண்டு. ஓட ஓட இந்த எண் இறங்கும், அமிலத்தைக் குறிக்கும் இன்னொரு எண் ஏறும். இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு முன்பே ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

அடிப்படை எண்ணெய் எவ்வளவு உயர்ந்த சிந்தெடிக்காக இருந்தாலும் இந்தச் சுண்ணாம்பின் அளவு அதனால் கூடிவிடாது. ஆக்சிஜனேற்றத்தால் வரும் அமிலம் குறையும், அவ்வளவுதான். எரிபொருளிலிருந்து வரும் அமிலத்துக்கு ஆயிலின் விலை தெரியாது. சுண்ணாம்பை அள்ளிப் போடவும் வழியில்லை. ஆயில் எரியும்போது அது சாம்பலாகிப் புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டியை அடைக்கும். சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்களில் கால்சியம் மிகுந்தால் எரிபொருள் நேரம் தவறி எரியும் தொல்லையும் கூடுகிறது. அதனால் சமீப வருடங்களில் கால்சியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மக்னீசியத்தைச் சேர்க்கிறார்கள். சாம்பல் குறைந்த ஆயில்கள் குறைந்த கையிருப்போடுதான் களமிறங்குகின்றன. பல நாடுகளில் பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டதால்தான் அவற்றால் நீண்ட தூரம் தாக்குப்பிடிக்க முடிகிறது. நம் ஆயில் மாற்றும் இடைவெளி நீண்டதற்கான பெருமையில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் பாதியைக் கொடுக்க வேண்டும் என்பேன். விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

அப்புறம், கிலோமீட்டர் என்பதே அரைகுறை அளவு. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் காரில் ஆயில் நன்றாகச் சூடாகி, கலந்திருக்கும் நீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தும் காரில் ஆயில் சூடாகவே ஆகாது. நீரும் பெட்ரோலும் உள்ளேயே தங்கும், ஆயில் நீர்த்துப்போகும், அமிலத்துக்கும் கொண்டாட்டம். குறைவாக ஓட்டுகிறோம், ஆயில் புதுசாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையினர். கையேடுகள் தூரத்தோடு மாதக் கணக்கையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். ஃபோக்ஸ்வேகன் நீண்ட இடைவெளித் திட்டத்தில் 30,000 கிலோமீட்டர் அல்லது 2 வருடம் என்பது உச்ச வரம்பு மட்டுமே. ஓட்டும் விதத்தைக் கணினி கவனித்து அதற்கு முன்பே அழைத்துவிடும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம். பயன்படுத்திய ஆயிலைச் சோதித்த முடிவுகள் மலைமலையாக இருக்கின்றன, பெரும்பாலும் நிறுவனங்களின் பெட்டகங்களில். மசகு ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் போட்டு, முடிவுகளைத் திறந்து வைத்தால் வீணாகக் கொட்டப்படும் ஆயில் எவ்வளவோ மிச்சமாகும். உராய்வு கவர்ச்சியான துறை இல்லை, அதனால் யாரும் கேட்பதில்லை.

வாசகருக்கு என் பதில்: கையேட்டில் குறிப்பிட்ட தரக்குறியீடு உள்ள ஆயிலாக இருந்து, பெரும்பாலும் நீண்ட ஓட்டமாக இருந்தால் 15,000-ஐ நம்பலாம். குறுகிய ஓட்டம், தூசி, நெரிசல் என்றால் கையேட்டிலேயே கடினப் பயன்பாடு என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள். அதற்கும் மேலே இழுக்க ஆசை இருந்தால் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கார எண், பாகுநிலை, இரும்பு, சிலிக்கான் எல்லாம் வரும். சிலிக்கான் ஏறியிருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், தூசி அந்த வழியாகத்தான் வரும்.

டிப்ஸ்டிக்கையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நிறத்துக்கு உதவாது, மட்டத்துக்கு உதவும். நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் எரிந்து போயிருந்தால், அத்தனை அமிலச் சுமையையும் மூன்று லிட்டர்தான் தாங்கிக்கொண்டிருக்கும். குறைந்ததை ஊற்றி நிரப்பும்போது புதுச் சுண்ணாம்பும் சேர்ந்தே உள்ளே போகும். ஆயில் குடிக்கும் பழைய என்ஜினின் சோதனை முடிவு சில சமயம் ஆரோக்கியமான என்ஜினுடையதைவிட அழகாக இருப்பதற்கு இதுதான் காரணம். மாதிரி அனுப்பும்போது இடையில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.