சமூகத் தொழில்முயற்சி: சொல்லும் பொருளும்

ஊரிலுள்ள ஒரு குறையைத் தீர்ப்பதற்கென்றே தொடங்கி, பொருளையோ சேவையையோ விற்று வரும் பணத்தில் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு, மிஞ்சுவதை அந்த நோக்கத்துக்கே திருப்பிவிடும் வியாபாரம்தான் சமூகத் தொழில்முயற்சி. ஆங்கிலத்தில் 'சோஷியல் என்டர்பிரைஸ்'. முதற்சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'சோசியஸ்': தோழன், கூட்டாளி. இரண்டாவது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒரு காரியத்தைக் கையிலெடுப்பது என்று பொருள்.

சட்டம் இதைத் தனி வகையாகக் கண்டது அண்மையில்தான். இத்தாலி 1991 இல் சமூகக் கூட்டுறவுகளுக்குச் சட்டம் இயற்றியது. பிரித்தானியாவில் 2005 முதல் 'சமூக நலன் கம்பனி' என்று பதியலாம். அதன் சொத்தைப் பங்குதாரர் பிரித்தெடுத்துப் போக முடியாது. வங்கதேசத்தில் கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ் சொல்லும் 'சமூக வணிகம்' இன்னும் இறுக்கமானது: முதலீட்டாளருக்குப் போட்ட முதல் மட்டும் திரும்பும், பங்கிலாபம் கிடையாது. ஆகவே சமூகத் தொழில்முயற்சியையும் சமூக வணிகத்தையும் ஒரே சொல்லால் குறிக்கக்கூடாது.

தமிழில் என்ன எழுதலாம்? 'சமூக நிறுவனம்' என்பதை நான் தவிர்ப்பேன். குடும்பம், பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றையும் சமூகவியல் படிப்பவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். தமிழகத்தில் வழங்கும் 'சமூகத் தொழில்முனைவு' ஆளின் முனைப்பைச் சுட்ட நல்ல சொல். கடையையும் பட்டறையையும் சுட்டப் போதாது. இலங்கையில் சிறிய, நடுத்தரத் தொழில்களைத் 'தொழில்முயற்சி' என்று எழுதிப் பழகிவிட்டோம். அதன் முன்னால் 'சமூக' சேர்த்தால் போதும். தனித்தமிழ் வேண்டுவோர் 'குமுகத் தொழில்முயற்சி' என்பர். ('கூட்டத்துக்குச் சமுகமளித்தார்' என்பதில் வரும் சமுகம் வேறு, அது முன்னிலை. நெடிலைக் கவனிக்கவும்.)

யாழ்ப்பாணத்தில் பெயர்தான் புதிது. கூட்டுறவுச் சங்கம் நடத்தும் சங்கக்கடையையும், மூளாய் என்ற ஊரின் கூட்டுறவு வைத்தியசாலையையும் அறிந்தவர்களுக்கு இது விளங்கும். 1970களில் எழுந்த பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இன்னும் நெருங்கிய உதாரணம். சீவல் தொழிலாளர் தாம் இறக்கும் கள்ளைச் சங்கத்துக்குக் கொடுக்க, சங்கம் அதைத் தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், விற்கும். இடையில் நின்ற முதலாளிக்குப் போன பங்கு, மரமேறுபவர்களின் சங்கத்துக்குள்ளேயே நின்றது. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட தொழிலாளருக்கு அது வெறும் வருமானக் கணக்கு மட்டுமல்ல.

ஆனால் எல்லாக் கூட்டுறவையும் இந்தச் சொல்லுக்குள் அடக்கவும் முடியாது. கூட்டுறவு முதலில் தன் அங்கத்தவருக்கே கடமைப்பட்டது. சமூகத் தொழில்முயற்சியின் பயன் அங்கத்தவர் அல்லாதவருக்கும் போகலாம். காய்ந்த பனங்கிழங்கான ஒடியலை மாவாக அரைத்து விற்கும் ஒருவர் தன் இலாபத்தில் வருடம் ஒரு அன்னதானம் கொடுத்தால் அவர் நல்ல வியாபாரி, அவ்வளவுதான். போரில் கணவரை இழந்த பெண்களுக்கு நியாயமான கூலியை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப விலையும் சந்தையும் தேடினால், அதே மா அரைக்கும் ஆலை சமூகத் தொழில்முயற்சி ஆகிறது.

இலங்கையின் 2007 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தில் இதற்கெனத் தனி வகுப்பு இல்லை. சாதாரண கம்பனியாகவோ, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்குகள் இல்லாமல் உறுப்பினரின் உத்தரவாதத்தில் நிற்கும்) கம்பனியாகவோ, கூட்டுறவுச் சங்கமாகவோ, வேறு வழக்கமான வடிவிலோதான் பதிய வேண்டும். அதனால் பெயர்ப்பலகையில் யாரும் இச்சொல்லை எழுதிவிடலாம். வெளிநாட்டு உதவியில் தையல் மெஷின் வாங்கி, திட்டக்காலம் முடிந்ததும் கதவு பூட்டப்படும் நிலையங்களையும் அறிக்கைகள் இப்படியே அழைக்கின்றன. விற்பனை வருமானம் இல்லாத இடத்தில் 'உதவித் திட்டம்' என்றே எழுதலாம்.