எம்.பி.ஏ. துறை உதவிப் பேராசிரியர்: முதல் சம்பளத்தை எது தீர்மானிக்கிறது?

எம்.பி.ஏ. கல்லூரிகளின் ஆசிரியர் தேர்வுக் குழுவில் பாட வல்லுநராக உட்காரும்போது ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். பாடத்தில் எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்பவர்கள், “எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்றதும் குரலைத் தாழ்த்தி, “காலேஜ் நார்ம்ஸ்படி கொடுங்க சார்” என்கிறார்கள். அந்த நார்ம்ஸ் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பல கல்லூரிகளில் அப்படி ஒன்று இருப்பதும் இல்லை.

எழுத்தில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். 2025 ஜனவரியின் 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 89,000-ஐத் தாண்டும். வீட்டு வாடகைப்படி தனி. ஐ.ஐ.எம்.களில் ‘கிரேடு 1’ உதவிப் பேராசிரியருக்கு அடிப்படையே 1,01,500. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதிமுறைகளும் ஏழாவது ஊதியக் குழு விகிதத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் புதியவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் பெரும்பங்கு சுயநிதிக் கல்லூரிகளில்தான். 57,700-இல் பாதியைக்கூடத் தொடாத தொகையை அங்கே ‘கன்சாலிடேட்டட்’ (படிகள் தனியாக இல்லாத மொத்தச் சம்பளம்) என்று எழுதிக் கொடுப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்காக இளமையின் நல்ல ஆண்டுகளைச் செலவிட்டவருக்கு இது அநியாயம்.

அந்தத் தொகைக்கும் உங்கள் திறமைக்கும் பல நேரம் தொடர்பே இருக்காது. கல்லூரியில் எத்தனை இடங்கள் நிரம்பின என்பதுதான் கணக்கு. 60 இடங்களில் பாதி காலியாக இருந்தால், நிர்வாகம் முதலில் கைவைப்பது ஆசிரியர் சம்பளத்தில். கட்டணத்துக்கோ கட்டண நிர்ணயக் குழுவின் உச்சவரம்பு உண்டு. ஆகவே நேர்காணலுக்குப் போகும் முன், எம்.பி.ஏ. சேர்க்கைக்கான மாநில நுழைவுத் தேர்வான டான்செட்டின் கலந்தாய்வில் அந்தக் கல்லூரியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று விசாரியுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கணக்கு வேறு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்களும் ஆய்வுக் கட்டுரைகளும் மதிப்பெண் ஆகின்றன. அதனால் நல்ல இதழ்களில் கட்டுரை வைத்திருப்பவருக்கு அங்கே பேச இடம் இருக்கிறது.

பாடப்பிரிவும் முக்கியம். மனிதவளம், சந்தைப்படுத்தல் இரண்டிலும் விண்ணப்பங்கள் குவிகின்றன. பிசினஸ் அனலிடிக்ஸ் (வணிகத் தரவுப் பகுப்பாய்வு) தெரிந்தவரை ஐ.டி. நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போவதால், அந்தப் பாடத்துக்குக் கல்லூரிகள் கூடுதலாகத் தரவேண்டியிருக்கிறது. நிதித் துறையில் ஓரளவு இதே நிலை.

அதிகம் பேர் இழப்பது முனைவர் பட்ட விஷயத்தில்தான். “தீசிஸ் சமர்ப்பித்துவிட்டேன்” என்பவரைப் பட்டம் இல்லாதவர் என்றே பட்டியலில் வைப்பார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வு சில மாதங்களில் முடியும் என்றால், பட்டம் கிடைத்த மாதத்திலிருந்து சம்பளம் எவ்வளவாக மாறும் என்பதை நியமன ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள். “அப்போ பாத்துக்கலாம்” என்று வாயால் சொன்னதை நம்பிச் சேர்ந்து, பட்டம் வாங்கிய பிறகும் பழைய சம்பளத்திலேயே இருப்பவர்கள் எத்தனையோ பேர். வேலை மாறினாலும் தப்பிக்க முடியாது. அடுத்த கல்லூரி பழைய சம்பளச் சீட்டைக் கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம்தான் ஏற்றும்.

முதுகலைக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவத்தை ஏ.ஐ.சி.டி.இ. தகுதியாகவே கேட்கிறது. வங்கியிலோ விற்பனையிலோ வேலை பார்த்திருந்தால் ரிலீவிங் லெட்டரையும், வருமான வரிப் பிடித்தத்துக்கான படிவம் 16-ஐயும் பத்திரமாக வைத்திருங்கள். காகிதம் இல்லாத அனுபவத்தை எந்தக் குழுவும் கணக்கில் எடுக்காது.

மாதம் 40,000 என்று சொன்னால், அது எதையெல்லாம் சேர்த்த 40,000 என்று கேளுங்கள். 15,000 உச்சவரம்பில் 12 சதவீதம் என்று பி.எஃப். பிடித்தால் உங்கள் பங்கு 1,800, கல்லூரியின் பங்கு 1,800. இரண்டையும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கினால் கையில் வருவது 36,400. பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உண்டு. 2009 சட்டத் திருத்தம் 1997 ஏப்ரல் 3-ஆம் தேதி முதல் அதை உறுதி செய்தது; உச்ச நீதிமன்றமும் 2022-இல் அதை ஏற்றது. அதையும் மாதச் சம்பளத்துக்குள் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு? கோடை விடுமுறையில் சம்பளம் உண்டா? இத்தனை மாணவர்களைச் சேர்த்துவிட வேண்டும் என்ற ‘டார்கெட்’ இருக்கிறதா? கூசாமல் கேளுங்கள். டார்கெட்டை முடித்தால்தான் மே மாதச் சம்பளம் என்று சொல்லும் இடத்தில், தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேராதீர்கள்.

அசல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட்டு வராதீர்கள். அவை விற்பனைச் சரக்கு அல்ல, பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், கையொப்பமிட்ட நகலைக் கொடுங்கள், அசலை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மறுத்தால் அந்த வேலை வேண்டாம்.